இமைக்குள் மூட்டைப்பூச்சி கடிக்காது

முதல் அறிகுறி ஒரு சொல்லாகத்தான் வந்தது. புதன்கிழமை சாயந்திரம் ஆறரை மணிக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த என் கணவர் என்னை "மேடம்" என்று கூப்பிட்டார்.

"மெயின் ஆஃப் மாடிதீரா மேடம்?"

மெயினை அணைத்துவிட்டீர்களா என்று கன்னடத்தில் கேட்கிறார். பதினெட்டு வருடமாக என்னோடு தமிழில் சண்டை போட்ட மனிதர். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. யாரோ ஒரு ஃபிளாட்காரம்மாவைப் பார்க்கிற மரியாதையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் தாமோதரன். தொம்மலூரில் ஒரு பெரிய அபார்ட்மென்ட்டில் எலக்ட்ரீஷியன். முந்தின நாள் வேலை முடிந்து ஜீவனஹள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும் வழியில், ரிவர்ஸ் எடுத்த ஒரு கூட்ஸ் ஆட்டோ அவர் ஸ்கூட்டரை இடித்துவிட்டது. வலது தொடை எலும்பும் முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பும் உடைந்தன. தலையில் ஒரு கீறல்கூட இல்லை, ஹெல்மெட் போட்டிருந்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பெரிய எலும்பு டாக்டர் வெள்ளிக்கிழமை வந்து உள்ளே கம்பி வைப்பார் என்றார்கள். கால்தானே, சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன்.

கிட்டத்தட்ட என்று சொல்லக் காரணம், நான் எதையும் முழுதாக நம்புகிறவள் இல்லை. அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. கார்மென்ட்ஸில் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறேன். தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் விளக்குக்குக் கீழே விரித்து ஊசி ஓட்டை, நூல் பிசகு, எண்ணெய்க் கறை என்று தேடுவேன். நல்ல பீஸை நல்லது என்று சொல்வதற்கு யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை.

கால் உடைந்தவர் ஏன் இப்படி உளறுகிறார் என்று புரியாமல், இந்த நிமிடம் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

என் முதல் சந்தேகம் ஊசி மேல் விழுந்தது. ஆறு மணிக்கு சிஸ்டர் ஒரு ஊசி போட்டார், ஆறரைக்கு நான் மேடம் ஆகிவிட்டேன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? குப்பைக்கூடையில் கிடந்த காலி மருந்துக்குப்பியை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். என் நாத்தனார், அவருக்கு மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் பக்கத்தில் நின்று எனக்குத் தூபம் போட்டார்.

"ஊசி மாத்திப் போட்டுட்டாங்க கோகிலா. எழுதி வெச்சுக்கோ. நம்மளப் பாத்தா அவங்களுக்கு எளக்காரம்."

சிஸ்டர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "வலிக்குப் போடற ஊசிதான்மா. நேத்தும் ரெண்டு வாட்டி போட்டோம். நேத்து ஒண்ணும் ஆவலையே?"

அது நியாயமான கேள்வி. ஆனால் நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம் கூடும். அதற்குள் என் கணவருக்கு ஜுரம் ஏறியது. மூச்சு வேகமாக வாங்கினார். மூக்கில் சின்னக் குழாய் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். வலியில் மூச்சு அப்படித்தான் வாங்கும் என்றார்கள்.

மறுநாள், வியாழக்கிழமை காலை, ஈரத்துணியால் அவர் உடம்பைத் துடைத்தேன். கையைத் தூக்கியபோது அக்குளில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. குண்டூசி முனை அளவுதான் இருக்கும். கழுத்தடியிலும் நெஞ்சின் மேல்பக்கத்திலும் இருந்தன.

மூட்டைப்பூச்சி, வேறென்ன!

மெத்தையைத் தூக்கினேன். எடை கட்டிய காலை அசைக்காமல், ஒரு பக்கம் மட்டும். தையல் மடிப்பை விரலால் விரித்து ஓரம் முழுவதும் பார்த்தேன், தொழில் பழக்கம். ஒரு பூச்சிகூட இல்லை. வேறு யாராக இருந்தாலும் பூச்சி இல்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள். நான், நேற்றே மருந்தடித்து மறைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். சிஸ்டரைக் கூப்பிட்டு, என்ன ஆஸ்பத்திரி இது, மூட்டைப்பூச்சி கடித்தே மனுஷனைக் கொன்றுவிடுவீர்களா என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. சிஸ்டர் முகம் சிவந்து, விரிப்பை மாற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். புள்ளிகளைப் பார்க்கவில்லை. என் சத்தத்துக்கு முன்னால் யாருக்குப் பார்க்கத் தோன்றும்?

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

எங்கள் வீடுகளில் உடம்பைத் துடைத்தால் பவுடர் போடாமல் விடமாட்டோம். குழந்தைக்கும் அப்படித்தான், படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் அப்படித்தான். டாக்டர் வரும்போது ஆள் பளிச்சென்று இருக்கவேண்டும். கவனிக்க ஆள் இல்லாத நோயாளி என்று நினைத்துவிடக்கூடாது. பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து முகத்துக்கு லேசாகவும், கழுத்துக்கும் நெஞ்சுக்கும் அக்குளுக்கும் தாராளமாகவும் போட்டேன். பூச்சி கடித்த அரிப்புக்கும் நல்லது என்று இன்னொரு கை அள்ளிப் பூசினேன். புள்ளி ஒன்றும் வெளியே தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு டியூட்டி டாக்டர் வந்தார். சின்ன வயது, கன்னடக்காரர். என் கணவரிடம் பேர் கேட்டார். பேருக்குப் பதில் இவர் ஃப்யூஸ் போய்விட்டது என்றார். டாக்டர் சட்டையை விலக்கி நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார். பவுடர் ஒட்டியது, துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"குடிதாரா? நிஜ ஹேளி அம்மா. சுள்ளு பேடா."

குடிப்பாரா, உண்மையைச் சொல்லுங்கள், பொய் வேண்டாம் என்கிறார். தினமும் குடிக்கிறவருக்குத் திடீரென்று நின்றுபோனால் இரண்டாம் நாள் இப்படி உளறல் வரும், ஜுரமும் நடுக்கமும் வரும், அதற்கு வேறு மருந்து என்று விளக்கினார்.

குடித்தவர்தான். நான்கு வருடம் முன்னால் வரை. அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நிறுத்தி "ஊதுங்க" என்பேன். என் முகத்துக்கு நேரே ஊதவேண்டும். வாசம் வந்தால் அன்றைக்கு வீட்டில் சமையல் கிடையாது. ஒரு நாள் எங்கள் மகள் முன்னால் ஊதச் சொன்னேன். அதற்கு மறுநாள் நிறுத்தியவர் பிறகு தொடவே இல்லை. ஊதச் சொல்வதை நானும் விட்டுவிட்டேன். ஆனால் விபத்துக்கு முந்தின மாதம் இரண்டு நாள் அவரிடம் ஏலக்காய் வாசம் வந்தது. குடித்துவிட்டு ஏலக்காய் மெல்லுவது அவருடைய பழைய தந்திரம். அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. மனசுக்குள் ஒரு கறை மாதிரி வைத்துக்கொண்டேன்.

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

"இருக்கலாம் சார்," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அன்றைக்குப் பகல் முழுவதும் குடி நின்றதற்கான மருந்து கொடுத்தார்கள். என் கணவர் அடங்கித் தூங்கினார். மூச்சு மட்டும் அடங்கவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து, என்னை ஏமாற்றினாயா என்று தூங்குகிறவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த ஆறேழு மணி நேரம் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

நாலு மணி இருக்கும். அவர் கண்ணோரம் பீளை கட்டியிருந்தது. பஞ்சை நனைத்துத் துடைக்கக் கீழிமையைச் சற்று இழுத்தேன். இமையின் உள்பக்கம், அந்த இளஞ்சிவப்புச் சதையில், அதே புள்ளிகள். ஐந்தாறு இருந்தன.

மூட்டைப்பூச்சி இமைக்குள் கடிக்காது.

ஈரத்துணியை எடுத்து நெஞ்சில் இருந்த பவுடரைத் துடைத்தேன். காலையில் பத்து இருபது இருந்த இடத்தில் இப்போது எண்ண முடியவில்லை. எங்கள் ஃப்ளோரில் ஒரு திருட்டு வேலை உண்டு. மெஷின் எண்ணெய் சட்டையில் பட்டுவிட்டால், சில பேர் கறையை எடுக்காமல் மேலே சாக் பவுடரைத் தேய்த்து செக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், பெட்டியில் போன பிறகு எண்ணெய் மேலே வரும். அதைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஈடு யாரும் இல்லை என்று பேர். எத்தனை பெண்களை அதற்காக அழவைத்திருக்கிறேன்! அதே வேலையை என் கையாலேயே செய்திருக்கிறேன்.

டாக்டர் அறைக்கு ஓடினேன். "சார், அது குடி இல்ல. வந்து கண்ணப் பாருங்க. கண்ணுக்குள்ள பாருங்க."

வந்தார். இமையைப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார். "இது யாவாகிந்த?" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்கிறார்.

"காலைலேருந்து. நான்தான் பவுடர் போட்டு மூடிட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. விரலில் ஆக்ஸிமீட்டரை (இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கிளிப்) மாட்டினார். எண்பத்து நாலு. குழாயில் ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருக்கும்போதே எண்பத்து நாலு. பத்து நிமிடத்தில் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஐசியூவுக்குப் போனார்கள்.

ஐசியூ டாக்டர் ஒரு பெண். தமிழ் கொஞ்சம் வரும் என்று சொல்லி, என்னையும் அண்ணியையும் உட்காரவைத்து நிதானமாகப் பேசினார்.

"இதுக்குப் பேரு ஃபேட் எம்பாலிசம். கொழுப்பு ரத்தத்துல போய் அடைச்சிருக்கு. லங்ஸ்ல, மூளைல, தோல்ல."

அண்ணிக்கு வந்ததே கோபம். "யாருக்கு மேடம் கொழுப்பு? ஒல்லிக்குச்சியா இருக்கான் எந்தம்பி. ஒரு சொல்லு எதிர்த்துப் பேசமாட்டான். அவனுக்கா கொழுப்பு?"

தமிழில் கொழுப்பு என்றால் திமிரும்தான். அண்ணி இரண்டையும் சேர்த்தே மறுத்தார். டாக்டருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தாலும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் என் சந்தேகம் அதற்குள் அடுத்த ஆளைப் பிடித்துவிட்டது. புதன்கிழமை காலையில் அண்ணி ஃப்ளாஸ்க்கில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்திருந்தார். எலும்பு சீக்கிரம் கூடும் என்று வற்புறுத்தி இரண்டு டம்ளர் குடிக்கவைத்தார். மேலே விரல் கனத்துக்குக் கொழுப்பு மிதந்தது.

"அண்ணி, நீங்க குடுத்த சூப்பு!" என்றேன்.

அண்ணியின் முகம் செத்துவிட்டது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு டாக்டரையே பார்த்தார்.

டாக்டர் கையை அசைத்தார். "இல்ல இல்ல. சாப்பிடற கொழுப்பு இல்ல இது. நீங்க நல்லி எலும்பு சாப்பிடுவீங்களா? தட்டுல தட்டி உறிஞ்சுவீங்க இல்ல, உள்ள இருக்குமே?"

"மஜ்ஜை," என்றேன்.

"அதேதான். எல்லா மனுஷன் எலும்புலயும் இருக்கு, ஒல்லியா இருந்தாலும். அது பூரா கொழுப்பு. தொடை மாதிரி பெரிய எலும்பு உடைஞ்சா அது சொட்டுச் சொட்டா ரத்தத்துல கலக்கும். நெறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. சில பேருக்கு இப்படி ஆயிடும்."

அதாவது குற்றவாளி வெளியிலிருந்து வரவே இல்லை. நான் குப்பைக்கூடையிலும் மெத்தையிலும் அவர் வாயிலும் அண்ணியின் ஃப்ளாஸ்க்கிலும் தேடிய ஆள், அவர் பிறந்த நாளிலிருந்து அவர் தொடைக்குள்ளேயே இருந்திருக்கிறான். அண்ணியிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்றார், ஆனால் இன்றுவரை எங்கள் வீட்டுக்குச் சூப் கொண்டுவந்ததில்லை.

டாக்டர் சொன்னதை, எனக்கு விளங்கிய அளவில், உங்களுக்காக எழுதுகிறேன். தொடை, கால் போன்ற நீள எலும்பு உடைந்த பிறகு, பெரும்பாலும் முதல் மூன்று நாளைக்குள் இது வரும். மூச்சு வாங்குவது, புத்தி தடுமாறுவது, நெஞ்சிலும் அக்குளிலும் இமைக்குள்ளும் குட்டிக்குட்டிப் புள்ளிகள் (தோலுக்கடியில் மிக மெல்லிய இரத்தக்குழாய்கள் கசிவதால் வருவது). மூன்றும் எல்லோருக்கும் வராது. புள்ளிகள் சில பேருக்கு வராமலே போகும், வந்தாலும் சில நாளில் மறைந்துவிடும். இந்தக் கொழுப்பைக் கரைக்கத் தனி மருந்து என்று ஒன்றும் கிடையாது. ஆக்ஸிஜன் குறையாமல் பார்த்துக்கொண்டு, உடம்பு தானாகச் சரிசெய்துகொள்ளும் வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கவேண்டும்.

அவரை ஒன்பது நாள் வென்டிலேட்டரில் (மூச்சுக்கு உதவும் இயந்திரம்) தாங்கிப் பிடித்தார்கள். இரண்டாம் நாள் மூளையை ஸ்கேன் எடுத்து எனக்குத் திரையில் காட்டினார்கள். இருட்டுப் படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். தோலில் பார்த்ததே உள்ளேயும் இருந்தது. எழுந்தால் பழைய ஆளாக எழுவாரா என்று கேட்டேன். "நெறைய பேர் வந்துடுவாங்க. இவரு வருவாருன்னு இன்னைக்கு என்னால சொல்லமுடியாது," என்றார் அந்தப் பெண் டாக்டர். எனக்கு அவர் மேல் வந்த முதல் நம்பிக்கை அந்தப் பதிலால்தான் வந்தது.

பவுடரைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். அந்த ஏழு மணி நேரம் என்னால் வீணாகிவிட்டதா? "முன்னாடி தெரிஞ்சிருந்தா முன்னாடி ஐசியூவுக்கு மாத்தியிருப்போம். அதனால எவ்ளோ வித்தியாசம் வந்திருக்கும்னு யாருக்கும் தெரியாது. ஆனா பாத்து ஓடிவந்ததும் நீங்கதான்," என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறாரா என்று இப்போதும் சில நாள் தோன்றும்.

பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். நான் போய் நின்றபோது நெடுநேரம் பார்த்தார். மேடம் என்று கூப்பிட்டுவிடுவாரோ என்று அவர் உதட்டையே பார்த்தேன்.

"கோகிலா," என்றார், குரலே இல்லாமல். "பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டாளா?"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். போய்ட்டா, போய்ட்டா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நுரையீரல் தேறிய பிறகுதான் காலுக்குக் கம்பி வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. கைத்தடியோடு நடக்கிறார். வேலைக்குப் பாதி நாள் போகிறார். ஸ்விட்ச் என்று சொல்லவேண்டிய இடத்தில் சில சமயம் சொல் வராமல் விரலால் அழுத்திக் காட்டுவார். எலும்பு என்றால் உள்ளே கெட்டியாக, கல் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இப்போது அவர் தொடையைத் தொட்டால் உள்ளே ஈரமாக, ஓடத் தயாராக ஏதோ இருக்கிறது என்றுதான் கை நினைக்கிறது. என் தொடையைத் தொட்டாலும் அப்படித்தான். வீட்டில் பவுடர் டப்பா இல்லை.

அவருக்கு அந்தப் பன்னிரண்டு நாள் கிடையாது. செவ்வாய்க்கிழமை ஆட்டோ இடித்தது, அடுத்து பாப்பா ஸ்கூல், நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த நாட்களைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். நான் சொன்னதைத் திரும்பவும் கேட்பார், நேற்று வேறு மாதிரி சொன்னாயே என்று மடக்குவார். இப்போது சந்தேகப்படுவது அவருடைய முறை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஸ்சார்ஜ் ஃபைலை மடியில் வைத்து, மகளைப் படிக்கச் சொல்லி ஒவ்வொரு பக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். பிறகு மெதுவாகத் தமிழில் சொன்னாள். "மதுப் பழக்கம் இருக்கலாம். மனைவி சொன்ன தகவல்."

அவர் என்னைப் பார்த்தார். "நீ சொன்னியா?"

"சொன்னேன்."

"எதனால?"

"ஏலக்கா வாசம் வந்துச்சு."

ஃபைலைக் கட்டி பீரோ மேல் வைக்கச் சொன்னார். அன்று முழுவதும், மறுநாள் காலையும் பேச்சு இல்லை. என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார்.

திங்கட்கிழமை சாயந்திரம் வேலையிலிருந்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். டாக்டர் சொல்லவில்லை, எனக்காகத்தான். நான் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் விரலை நீட்டவில்லை. கைத்தடியை நிலையில் சாய்த்துவிட்டு என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"மொதல்ல இத்தப் பாரு," என்று சொல்லி, நீளமாக ஊதினார்.

ஏலக்காய் வாசம் வந்தது. டீயோடு சேர்ந்த ஏலக்காய்.

"எங்க அபார்ட்மென்ட் கேட்டுக்கு எதிர்ல டீக்கட. ஆக்ஸிடென்ட்டுக்கு முன்னாடிலேருந்தே ஏலக்கா போடறான்," என்றார். "கேட்டிருந்தா அன்னைக்கே ஊதியிருப்பேன்."

வருடக்கணக்காக வாசம் பார்க்க மட்டுமே நான் கேட்டு வாங்கிய காற்று அது. ஒன்பது நாள் இயந்திரத்துக்கு எதிரில் நின்று, அந்தக் காற்று மட்டும் தானாக வந்தால் போதும், வேறு ஒன்றும் கேட்கமாட்டேன் என்று வேண்டியதும் அதற்காகத்தான். அவர் முகத்தை எடுக்காமல் நின்றார்.

"இன்னொரு வாட்டி ஊதுங்க," என்றேன்.